ஒலிபெருக்கி யாருடையது?

அரசுத் துறையொன்றின் கணினித் திட்டம் முடங்கிவிட்டால் உடனே இரண்டு காரணங்கள் சொல்லப்படும்: மென்பொருள் சரியில்லை, மக்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை. இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது ஆளுகை. எது தேவை என்று முடிவு செய்பவர் யார், நடுவழியில் நிறுத்திக் கேட்கும் உரிமை யாருக்கு, பிழைக்குப் பொறுப்பேற்பவர் யார்? இவற்றுக்கு விடை காணாமலேயே ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன.

பணமும் தொழில்நுட்பமும் இருந்தால் போதும் என்போர் பிரிட்டனைப் பார்க்கட்டும். தேசிய சுகாதாரச் சேவைக்காக அங்கே 2002இல் தொடங்கப்பட்ட கணினித் திட்டம் பல நூறு கோடி பவுண்டுகளை விழுங்கியது. முடிவுகள் மேலிடத்தில் எடுக்கப்பட்டன. அதைக் கையாள வேண்டிய மருத்துவர்களிடம் போதிய அளவு கேட்கப்படவில்லை. 2011இல் அரசே அதைக் கலைப்பதாக அறிவித்தது.

எதிர்ச்சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. குயிலாப்பாளையத்திலிருந்து தெற்கே புதுச்சேரியைக் கடந்தால் வீராம்பட்டினம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, கணினியை இறக்குமுன் ஊராரின் தேவையை விசாரித்தது. இடத்தை ஊர் தர வேண்டும். ஊராரே நடத்த வேண்டும். சாதி பாராமல் எவரும் உள்ளே வரலாம். இவையே நிபந்தனைகள். மீனவர்கள் அறிய விரும்பியது அலையின் உயரத்தை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கையை நல்லவாடு மக்களுக்குச் சொன்னதும் அத்தகைய மையமொன்றின் ஒலிபெருக்கிதான். அது தம்முடையது என்று ஊர் எண்ணியிராவிட்டால் அந்த நொடியில் யாருக்கு அது நினைவுக்கு வந்திருக்கும்?

சிற்றூருக்குப் பொருந்துவது பெருந்திட்டத்துக்குப் பொருந்தாது என்பர். நாம் சொல்வது நேர்மாறானது: திட்டம் பெருகப் பெருகக் கேட்கப்பட வேண்டியவர்களும் பெருகுகிறார்கள். மரக்காணத்து உப்பளத்தில் நீரின் பதம் பார்த்தே அடுத்த பாத்திக்கு மடை திறக்கிறார்கள். பதம் வராத நீரைத் தள்ளிவிட்டுத் திறப்பு விழா நடத்துவதில்லை.

எனவே நாம் கோருவன மூன்று. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பயன்படுத்துவோரின் ஒப்புதல் பெறப்பட வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிடில் பணம் நிற்க வேண்டும். பொறுப்பாளரின் பெயர் பொதுவெளியில் இருக்க வேண்டும். இவை இல்லாத திட்டத்துக்கு எத்தனை கணினி வாங்கினாலும் அவை உறை பிரிக்கப்படாமலே கிடக்கும்.