சைகையைப் படிக்கும் கம்ப்யூட்டர்: புருவத்தைப் பார்க்காவிட்டால் சம்பளத்தில் அரை ஷிப்ட் போச்சு!

திருப்பூர்: பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். காது கேளாத டெய்லர் ஒருவர், 'ஒன்றரை ஷிப்ட் சேர்த்தாச்சா?' என்று சைகையில் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். எதிரே கேமரா வைத்த கம்ப்யூட்டர். அது 'ஒன்றரை ஷிப்ட் சேர்த்தாச்சு' என்று திரையில் காட்டிவிட்டால்? கணக்கு முடிஞ்சது. அரை ஷிப்ட் காசு போச்சு.

இது சும்மா சொல்வதல்ல. சைகை மொழியில் கேள்விக்கும் பதிலுக்கும் கை அசைவு ஒன்றாகவே இருக்கலாம். புருவத்தை உயர்த்தி கண்ணை விரித்தால்தான் அது கேள்வி. தலையை ஆட்டினால் 'இல்லை' ஆகிவிடும். கையை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு பாதிப் பேச்சு காதில் விழாத மாதிரிதான்!

2022-ல் வேலூர் வி.ஐ.டி. மாணவி ஒருவர் செய்த சைகை புரோகிராம் இன்டர்நெட்டில் பரபரப்பானது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதற்குத் தெரிந்தது ஹலோ, நன்றி, ப்ளீஸ், ஆமாம், இல்லை, ஐ லவ் யூ என ஆறே சைகை. அதுவும் அமெரிக்க சைகை. இங்கே பேசுவது இந்திய சைகை மொழி. இரண்டும் வேறு வேறு. ஓவர்லாக் மிஷின்ல உட்கார்ந்திருப்பவருக்கு ஐ லவ் யூ எதுக்கு?

நமக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட 'இன்க்ளூட்' தொகுப்பு. இந்திய சைகையில் 263 சொற்கள், 4 ஆயிரத்து 287 வீடியோக்கள். அதைப் படித்த கம்ப்யூட்டர் 100-க்கு 85 தடவை சரியாகச் சொன்னது. ஆனால் எல்லாமே தனித்தனிச் சொல். சம்பளத் தகராறை யாரும் ஒத்தைச் சொல்லில் பேசுவதில்லையே.

முகத்தைப் பிடிப்பது முடியாத காரியமில்லை. கூகுளின் 'மீடியாபைப்' மென்பொருள் ஒரு கையில் 21 புள்ளி, முகத்தில் 468 புள்ளி என்று குறி வைத்துப் பின்தொடர்கிறது. செல்போன் கேமராவே போதும். பஞ்சுத் தூசிக்காக மாஸ்க் போட்டிருந்தால் மட்டும் வாய் அசைவு தெரியாது.

புள்ளியைப் பிடித்துவிட்டால் அர்த்தம் புரிந்துவிடாது. அதற்கு, காது கேளாதவர்கள் முழு வாக்கியமாகப் பேசும் வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். டெல்லியில் உள்ள மத்திய அரசின் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021-ல் 10 ஆயிரம் சொல் அகராதி வெளியிட்டது. ஆனால் கைமடி, செக்கிங், பீஸ் ரேட் பற்றி கம்பெனிக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அங்கே வேலை செய்யும் காது கேளாதவர்கள்தான் காட்ட முடியும். அவர்களை கேமரா முன் நிறுத்தினால் அன்றைய ஷிப்ட் சம்பளத்தையும் கொடுக்கணும். ஓசியில் வாங்கிப் போகக் கூடாது.

அதுவரைக்கும் சம்பளம் போடும் சூப்பர்வைசர் நாலு சைகை கற்றுக்கொள்ளலாம். கையில் ஊசி ஏறி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாலும் சரி, கூடப்போக சைகை தெரிந்த ஆள்தான் வேண்டும்.