சாரதிக்குப் படுக்கை எங்கே?

கல்முனையிலிருந்து வடக்கே திருகோணமலை செல்லும் வழியில், கிண்ணியாத் துறையிலே 2009 இல் பாலம் திறக்கப்படும் வரை லொறிகள் மிதவைப் பாதைக்காகக் காத்துக் கிடந்தன. அக்காத்திருப்பே சாரதிக்கு ஓய்வென்று சொல்வாருண்டு. வரிசை நகருந்தோறும் லொறியை நகர்த்துபவருக்கு ஓய்வேது?

ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இயற்றிய 561 ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துளது. கப்பலில் லொறியை ஏற்றவும் இறக்கவும் சாரதியின் 11 மணிநேர நாளோய்வை இருமுறை குலைக்கலாம். மொத்தம் ஒரு மணிநேரத்தை விஞ்சலாகாது. அவருக்குப் படுக்கையும் இருத்தல் வேண்டும்.

இன்று நமக்குப் பாலமுண்டு, படுக்கையில்லை. நெல்லேற்றிய லொறி விடியுமுன் கொழும்பு சேர வேண்டுமென அவசரப்படுத்துவோர் நாமே. விவசாயிகளும் இதற்கு விலக்கல்லர். கல்முனை மாநகர சபையும் ஆலை முதலாளிமாரும் சாரதிகளுக்கு ஒரு படுக்கைக்கூடம் அமைக்க முன்வருவார்களா?