எழுதிக்கொடுத்த பிறகு



“ஜி.எச்.சுக்கு எழுதிக்கொடுத்துட்டாங்க” என்று சொல்லும்போதே நம் வீடுகளில் குரல் இறங்கிவிடுகிறது. டாக்டர் கைவிட்டுவிட்டார் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே இல்லாத வசதி அங்கே இருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்பதுதான் அந்தப் பரிந்துரைச் சீட்டில் உள்ள சேதி. சிக்கல் சீட்டில் இல்லை. சீட்டு கைக்கு வந்ததிலிருந்து அங்கே ஒருவர் நோயாளியைப் பொறுப்பேற்கும் வரை உள்ள இடைவெளியில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.

அந்த இடைவெளியை அடைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் இங்கே ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. காசநோய்க்கு மருந்து இருந்தும் ஆட்கள் இறக்கிறார்கள். அதிலும் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள். ஆகவே நோய் உறுதியானதுமே சிலவற்றைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகமாக ஓடுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ வேண்டாம். சுகாதார ஊழியரே பார்த்துவிடலாம். நிலைமை மோசமென்றால் படுக்கை வசதியுள்ள மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சேர்ந்தாரா என்று பின்தொடரவும் ஆள் உண்டு. இவ்வளவு எளிமையான யோசனை ஏன் முன்பே வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

தனியார் மருத்துவர்களுக்கும் இந்த முயற்சியில் ஒரு பங்கு உண்டு. காசநோயைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012-லேயே வந்துவிட்டது. ‘பேஷன்ட் போய்விடுவாரே’ என்று தயங்கும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பதிவு செய்தாலும் அவர் உங்களிடமே சிகிச்சையைத் தொடரலாம். மருந்தை அரசிடமிருந்து இலவசமாகப் பெறலாம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

சீட்டு எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களுக்கும் சந்தேகம் கேட்க ஆள் வேண்டும்தானே! நள்ளிரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரளி விதையைத் தின்றவரைத் தூக்கிவருகிறார்கள். பணியில் இருப்பவரோ படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆன இளம் டாக்டர். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை எந்த நேரத்திலும் 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கலாம். டாக்டரும் கேட்கலாம், வீட்டில் இருப்பவரும் கேட்கலாம்.

108 எல்லோருக்கும் தெரியும். அது விபத்து நடந்த இடத்துக்கு மட்டும் வரும் வண்டி என்று நினைத்து, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கடன் வாங்கித் தனியார் வேன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் 108 வரும். உடல்நலச் சந்தேகங்களுக்கு 104. மனம் உடைந்துபோனால் 14416. அது 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை; தமிழிலேயே பேசலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993.

சீட்டு வாங்கும்போது கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும்? அங்கே போன் செய்து சொல்லிவிட்டீர்களா? இதுவரை போட்ட ஊசி, மருந்து எல்லாம் நேரத்தோடு எழுதியிருக்கிறதா? கடைசிக் கேள்விதான் அதிகம் விட்டுப்போவது. அதனால் போட்ட ஊசியையே மறுபடி போட நேரலாம்.

அடுத்த இதழில் அரசு மருத்துவமனைகளின் விசாரணை மேசைகளைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறோம். உங்கள் ஊரில் அந்த மேசை எங்கே இருக்கிறது, இரவிலும் ஆள் இருக்கிறாரா, கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்கிறாரா என்று எழுதுங்கள். நன்றாகச் செய்பவர்களைப் பற்றியும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்