ஊமையான ஹெட்போன்: குற்றவாளி யார்?

இல்லமும் அறிவியலும்



பழுதுபடும் கருவிகள் பெரும்பாலும் நமக்கு முன்னறிவிப்புத் தருகின்றன. தேய்ந்த மின்விசிறி கடகடக்கும். சூடேறிய மின்கம்பி நாறும். அடைபட்ட குழாய் சொட்டும். ஆனால், எவ்வித ஓசையும் எழுப்பாமல், தன்னோடு இணைக்கப்பட்ட மற்றொரு கருவியைக் கெடுத்துவிடும் பழுதும் ஒன்று உண்டு. ஹெட்போனுக்கென விற்கப்படும் மலிவான ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில் நேரும் பழுதே அது. உழைத்துச் சேர்த்த பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கிய குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

காதில் அணியும் இக்கருவி நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களை உருவாக்கி அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி.48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. அசையும் கம்பிச்சுருள் முறையில் அமைந்த முதல் ஹெட்போன் அதுவே. 1958-இல் ஜான் காஸ் என்பவர் ஸ்டீரியோ இசை கேட்பதற்கேற்ற ஹெட்போனை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். இன்று நாம் அணியும் ஹெட்போன்களுள் பெரும்பாலானவை அந்தக் கம்பிச்சுருள் முறையைச் சேர்ந்தவையே.

அம்முறை யாது? காந்தம் ஒன்றின் இடைவெளியில், தலைமயிரைப் போன்ற மெல்லிய கம்பியால் சுற்றப்பட்ட ஒரு சிறு சுருள் தொங்குகின்றது. அச்சுருளோடு மெல்லிய தகடு ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. இசைக்குரிய மின்னோட்டம் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பாயும் இயல்புடையது. அதற்கேற்பச் சுருளும் முன்னும் பின்னும் அசைகின்றது. தகடு காற்றை அசைக்கின்றது. நாம் ஒலியைக் கேட்கின்றோம். இதற்கு வேண்டிய மின்னாற்றல் மிகச் சிறிது. சாதாரணமாக இசை கேட்பதற்கு ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலான ஹெட்போன்களுக்குப் போதுமானது.

இனி, மாறி மாறிப் பாயாமல் ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம் அச்சுருளில் புகுந்தால் என்ன நேரும்? சுருள் ஒரு புறமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். அசைவு இல்லையாதலால் ஒலியும் இல்லை. ஆனால் மின்னோட்டமோ ஓயாது பாய்ந்து சுருளைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். 32 ஓம் மின்தடையுள்ள ஹெட்போனில் 8 வோல்ட் நேர்மின்னழுத்தம் புகுந்தால், கால் ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, 2 வாட் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். மேலே கூறிய ஒரு மில்லிவாட்டைப்போல் இது இரண்டாயிரம் மடங்கு! சுருளைப் பிணைக்கும் பசை உருகும், கம்பி கருகும், தகடு வளைந்து போகும். தொடக்கத்தில் 'டப்' என்ற ஓசை கேட்கலாம். அதன்பின் அமைதிதான்.

இந்த அமைதியே மிகப் பெரிய சூழ்ச்சி எனலாம். ஒலி நின்றவுடன் நாம் என்ன செய்கின்றோம்? "ஹெட்போன் கெட்டுவிட்டது போலும்" என்று எண்ணி, வீட்டிலுள்ள மற்றொரு ஹெட்போனைக் கொணர்ந்து அதே ஆம்ப்ளிஃபையரில் சொருகிப் பார்க்கின்றோம். சில நொடிகளில் அதுவும் பலியாகின்றது. குற்றவாளி மேசைமீது விளக்கெரிய அமர்ந்திருக்க, குற்றமற்ற பொருளின்மேல் பழி விழுகின்றது.

நேர்மின்னழுத்தம் எங்கிருந்து வருகின்றது? பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில், வெளிவாயிலுக்கு முன்பாக ஒரு மின்தேக்கி வைக்கப்பட்டிருந்தது. அது இசைக்குரிய மாறுமின்னோட்டத்தை விட்டு, நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும் காவலாளி. ஆயினும், அது பருமனானது. தாழ்ந்த சுருதிகளைச் சற்றே குறைக்கவும் கூடியது. ஆதலின், இக்காலக் கருவிகள் பலவற்றில் அது நீக்கப்பட்டுள்ளது. அவற்றில் நேர்மறை, எதிர்மறை என இரு மின்வழங்கல்கள் உள்ளன. வெளிவாயில் இரண்டுக்கும் நடுவே சுழியத்தில் நிற்கின்றது. உள்ளேயுள்ள குறைகடத்திச் சில்லு கெட்டுப்போனால் அந்தச் சமநிலை குலைகின்றது. மின்வழங்கலின் அழுத்தம் அப்படியே ஹெட்போனை வந்தடைகின்றது. இதனைக் கண்டறிந்து நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச்சுற்றும் ரிலேயும் அமைத்தால் தீங்கு இல்லை. விலையைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைப்பது இத்தகைய காப்புகளின் மீதே.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 2020-ஆம் ஆண்டில் சீனாவின் டாப்பிங் நிறுவனம் எல்30 என்னும் சிறு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. அப்போது அதன் விலை 150 டாலருக்கும் குறைவாக இருந்தது. ஆனால் ஒலித் தூய்மையை அளந்து பார்த்தோர், பன்மடங்கு விலையுள்ள கருவிகளையும் அது விஞ்சுவதாகப் பாராட்டினர். பலரும் விரும்பி வாங்கினர். பின்னர், 2021-இன் தொடக்கத்தில், அக்கருவி பழுதுபட்டு, இணைத்திருந்த ஹெட்போன்களையும் பழுதாக்கியதாகப் பல நாடுகளிலிருந்தும் முறையீடுகள் எழுந்தன. நிலைமின்சாரத்தின் தாக்குதலே காரணம் எனக் கண்ட நிறுவனம், தொடக்க காலக் கருவிகளை மாற்றித் தர முன்வந்தது.

நிலைமின்சாரம் நாம் அறியாததன்று. வறண்ட காற்றில் கம்பளத்தின்மீது நடந்து கதவின் கைப்பிடியைத் தொடும்போது 'சுள்'ளென்று உறைக்கின்றதே, அதுவே. ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட பொறியை நம் விரல் உணர்வதே இல்லை. ஆனால், நுண்ணிய சில்லுக்கு அதனினும் மிகக் குறைந்த அழுத்தமே கேடு விளைவிக்கப் போதும். எனவேதான் தொடப்படும் ஒவ்வோர் இடத்திலும் காப்பு வைப்பது உற்பத்தியாளரின் கடமையாகின்றது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. ஒலி தூய்மையாக இருப்பது வேறு; கருவி பாதுகாப்பாக இருப்பது வேறு. முன்னதை அளக்கும் எண்கள் பின்னதைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. மலிவானவை யாவும் கெட்டவை அல்ல. விலையுயர்ந்தவை யாவும் பாதுகாப்பானவையும் அல்ல. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது: "உள்ளே பழுது நேர்ந்தால், இக்கருவி ஹெட்போனைத் துண்டித்துவிடுமா?" சுவிட்சைப் போட்டுச் சில நொடிகள் கழித்து 'டிக்' என்ற ஓசை கேட்டால், உள்ளே ரிலே இருப்பதாகக் கொள்ளலாம். எனினும், அது தொடக்க அதிர்ச்சியை மட்டும் தடுக்கின்றதா, பழுதின்போதும் துண்டிக்கின்றதா என்பதை விற்பவரிடம் கேட்டே தெளிய வேண்டும்.

இல்லத்தில் பின்பற்றத்தக்க சில வழிகளைக் கூறுவோம்.

1. ஆம்ப்ளிஃபையரை இயக்கிச் சில நொடிகள் சென்றபின் ஹெட்போனைச் சொருகுங்கள். அணைப்பதற்கு முன் அதனைக் கழற்றிவிடுங்கள். ஒலியளவு அவ்வேளைகளில் தாழ்ந்தே இருக்கட்டும்.

2. புதிய ஆம்ப்ளிஃபையரை முதலில் விலை குறைந்த பழைய ஹெட்போனில் சோதித்துப் பாருங்கள். காதில் அணியாமல் மேசைமீது வைத்தே சோதியுங்கள்.

3. மல்டிமீட்டர் உள்ளவர்கள், அல்லது ரேடியோ பழுதுபார்க்கும் நண்பர் உள்ளவர்கள், இசை ஏதும் ஒலிக்காதபோது வெளிவாயிலின் நேர்மின்னழுத்தத்தை அளக்கலாம். இடப்புறம், வலப்புறம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். சில மில்லிவோல்ட் இருப்பின் அச்சமில்லை. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஐயுற வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஹெட்போனை அதன் அருகிலும் கொண்டு செல்லாதீர்கள்.

4. வறண்ட நாள்களில் கருவியைத் தொடுமுன், நிலத்தோடு இணைந்த உலோகம் எதையேனும் தொட்டு உடலிலுள்ள மின்னேற்றத்தை நீக்கிக்கொள்ளுங்கள்.

5. ஒருபுறம் ஒலி நின்றாலும், இரைச்சல் எழுந்தாலும், கருகிய வாடை வந்தாலும், உடனே ஹெட்போனைக் கழற்றுங்கள். அதனை வேறொரு கருவியில் சோதியுங்கள். வேறொரு ஹெட்போனை அந்த ஆம்ப்ளிஃபையரில் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

ஐந்தாவதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஏனெனில், பழுதைக் கண்டதும் முதலில் மாற்றிச் சொருகிப் பார்ப்பவர்கள் அவர்களே. "எதைக் கெடுத்தாய்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன், மேசைமீதுள்ள ஆம்ப்ளிஃபையரை ஒருமுறை அளந்து பாருங்கள். கெடுத்தவர் அப்பிள்ளையாக இல்லாமலும் இருக்கலாம் அன்றோ? வாங்கிய சீட்டையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பழுதான ஆம்ப்ளிஃபையரை மாற்றித் தரும்படி மட்டுமன்றி, அதனால் கெட்ட ஹெட்போனுக்கும் ஈடு கேட்டு எழுதத் தயங்காதீர்கள். கேட்பவர் பலராகும்போதுதான் அடுத்த கருவியில் காப்புச்சுற்று இடம்பெறும்.