மக்கும் பை எங்கே மக்கும்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அந்த இடத்தைப் பிடிக்க இன்று கடைவீதிக்கு வந்திருப்பது "மக்கும் பை". விலை கூடுதல். சரி, எங்கே மக்கும்? எத்தனை நாளில் மக்கும்? பையிலே அதற்குப் பதில் இல்லை.

விஞ்ஞானத்தின் மேல் நமக்குக் குறையில்லை. மக்காச்சோள மாவுச்சத்தைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம். உருக்கி ஊதினால் மெல்லிய படலம். தனியாக அது சுலபத்தில் உடைந்துவிடும் என்பதால், பெட்ரோலியத்திலிருந்து செய்த, ஆனால் மக்கக்கூடிய இன்னொரு பாலிமரையும் சேர்க்கிறார்கள். வீணாகும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்து, வினிகரில் உள்ள அமிலத்தில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தும் படலம் செய்கிறார்கள். அருமையான வேலைதான்!

சூழ்ச்சி பரிசோதனையில் இல்லை. அதை வியாபாரம் செய்யும் விதத்தில் இருக்கிறது. சர்வதேசத் தரப்படி, சுமார் 58 டிகிரி உஷ்ணமுள்ள எருவில் 180 நாளுக்குள் படலத்தின் கார்பனில் 90 சதவிகிதம் கரியமில வாயுவாக மாறவேண்டும். ஏன் 58 டிகிரி? பாலிலாக்டிக் படலம் அந்தச் சூட்டில்தான் இளகுகிறது; தண்ணீர் உள்ளே புகுந்து சங்கிலியை அறுக்கிறது; துண்டானதை நுண்ணுயிர்கள் தின்கின்றன. ஊர்ச் சாக்கடையில் அந்தச் சூட்டை யார் மூட்டுவது?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் இட்டும் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எருவாகும் என்ற பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணிலோ 27 மாதமாகியும் கிடந்தது. "உயிரியல் முறையில் சிதையும்" என்று விற்ற இன்னொரு பை, மூன்று ஆண்டு மண்ணில் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்கிற்று!

நமது 2016-ம் ஆண்டு விதிகள், மக்கும் பை செய்கிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் பெறவேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் அந்தச் சான்று எருக்கிடங்குச் சூட்டுக்குத்தான் பொருந்தும், குப்பைமேட்டுக்கு அல்ல. சோதனைக்கு வரும் அதிகாரி பிடிப்பதோ பூக்காரியை, கீரைக்காரியை. எது மக்கும், எது மக்காது என்று கண்ணால் பார்த்துப் பிரிக்கத் துப்புரவுத் தொழிலாளியால் முடியுமா? உருக்கி மறுபடி பயன்படுத்தும் பிளாஸ்டிக்கோடு இது கலந்தால் அந்தச் சரக்கும் கெடும்.

ஆகவே சர்க்காரிடம் கேட்கிறோம்: மக்கும் உஷ்ணத்தையும் நாளையும் பையின் மேலேயே தமிழில் அச்சிடச் செய்யுங்கள். ஒவ்வொரு நகராட்சிக் குப்பைக்கிடங்கிலும் இந்தப் பைகளைப் புதைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை தோண்டி எடை பார்த்து, கணக்கை வெளியிடுங்கள். பொய் அச்சடித்தவனுக்கு அபராதம் போடுங்கள், பூக்காரிக்கு அல்ல.