நிலையான பக்கங்களே நமக்குத் தேவை

இணையத்தில் தமிழை வளர்ப்பது குறித்து நாம் நிறையவே பேசுகிறோம். வளர்த்ததைக் காப்பது குறித்து எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஆண்டுதோறும் செயலவை மாறுகிறது. புதிய செயலவை புதிய அகப்பக்கத்தைத் தொடங்குகிறது. அண்ணன்மார்களும் அக்காமார்களும் எழுதிய கவிதைகளும் கட்டுரைகளும் பழைய அகப்பக்கத்தோடு மறைந்துபோகின்றன. இதற்கு நம் அலட்சியம் மட்டுமன்று, அகப்பக்கத்தை உருவாக்கும் முறையும் காரணம் என்பது என் கருத்து.

இன்று பல தளங்கள் இயங்குநிலைப் பக்கங்களால் ஆனவை. ஒரு கட்டுரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சேவையகம் ஒரு நிரலை ஓட்டி, தரவுத்தளத்திலிருந்து எழுத்தை எடுத்து, அப்போதுதான் பக்கத்தைக் கட்டித் தருகிறது. ரொட்டி சானாய் போல, கேட்ட பிறகே மாவு கல்லில் விழும். நிலையான பக்கமோ மடித்து அடுக்கிய நாசி லெமாக் பொட்டலம். முன்கூட்டியே ஒரு முறை ஆக்கிக் கோப்பாக வைத்துவிட்டால், வருபவருக்கு எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. நாசி லெமாக் மாலைக்குள் கெட்டுவிடும், கோப்பு கெடாது.

ரொட்டி போடுபவர் வராத நாளில் ரொட்டி இல்லை. அதுபோலவே, நிரலின் பதிப்பு பழையதானாலும், கடவுச்சொல் அறிந்தவர் பட்டம் பெற்றுச் சென்றாலும் முழுத் தளமும் முடங்கிவிடலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு, வாரத்தில் சில பாடவேளைகளே தமிழ் கிடைத்தது. மீதித் தமிழை இணையத்தில் தேடிப் படித்தேன். நான் விரும்பிப் படித்த மாணவர் தளம் ஒன்றில், தரவுத்தளத்துடன் இணைக்க இயலவில்லை என்ற அறிவிப்பு மட்டுமே இன்று எஞ்சியுள்ளது.

தமிழுக்குக் கூடுதல் ஆபத்தும் உண்டு. பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, இலத்தீன் எழுத்துக் குறியீட்டையே இயல்பாகக் கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் தளத்தை இடம் மாற்றினால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். யூனிகோடில் சேமித்த கோப்பையோ பென்டிரைவில் அப்படியே எடுத்துச் செல்லலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை எவரும் படியெடுக்கக்கூடிய கோப்புகளாகவே வழங்கி வருகிறது. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, ஆர்வலர்கள் அதன் பக்கங்களில் பலவற்றைக் காப்பாற்றினார்கள். அவை எளிய கோப்புகளாக இருந்தது அதற்குப் பெரிதும் உதவியது.

அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. 2008இல் வந்த ஜெக்கில், 2016இல் வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற கருவிகள், நாம் எழுதியதை வார்ப்புருவில் பொருத்தி, ஒரே கட்டளையில் எல்லாப் பக்கங்களையும் கோப்புகளாக ஆக்கித் தருகின்றன. அவற்றைக் கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவையில் கட்டணமின்றி வைக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்தினால் மீண்டும் ஆக்க வேண்டும் என்பது உண்மையே. ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும் நமக்கு அது ஒரு சுமையா? நிகழ்ச்சிப் பதிவுக்கும் வாக்கெடுப்புக்கும் இயங்குநிலைப் பக்கங்கள் தேவைதான். அவை தனியே இருக்கட்டும். படைப்புகளை அவற்றோடு பிணைக்க வேண்டாம்.

ஆகவே, அடுத்த அகப்பக்கத்தின் திறப்பு விழாவுக்கு முன், பழைய மலர்களை நிலையான கோப்புகளாக்குவோம். ஒரு படியை நூலகத்திற்கும் ஒரு படியை முன்னாள் மாணவர்களுக்கும் கொடுப்போம். நமக்குப் பின் வரும் தம்பி தங்கைகள் நம்மைப் படிக்க வேண்டுமானால், நாம் இப்போதே செயல்பட வேண்டும்.