நம் கால், நம் கை

கப்பன் பூங்காவில் வைகறையில் ஓடும் நம் மாணவர் சிலர், படுக்கையை விட்டெழுந்து வைக்கும் முதல் அடியிலேயே முகம் சுளிக்கின்றனர். குதிகாலில் முள் தைத்தாற்போல் வலி! உடனே, காசு வாங்கிக்கொண்டு காலைப் பிடித்து நீட்டிவிடும் நிலையங்களை நாடுகின்றனர். பெங்களூரில் அவற்றுக்குப் பஞ்சமா?

பிறர் உதவி வீண் என்பதன்று என் வாதம். மல்லாந்து படுத்தவன் காலை மற்றொருவன் மெல்லத் தூக்கிப் பிடித்தால் பின்தொடை இறுக்கம் தளரத்தான் செய்யும். அதற்கு அறைத்தோழன் போதாதா?

பாதத்தின் கதை வேறு. குதி எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் தடித்த நார்ப்பட்டை நோவதே பெரும்பாலும் இவ்வலிக்குக் காரணம். 2003இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் தம் கையாலேயே கால்விரல்களை முழந்தாள் நோக்கி வளைத்துப் பிடித்தனர். பத்து எண்ணும்வரை, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, முதல் வேளை, காலைத் தரையில் ஊன்றுமுன்! எட்டு வாரத்தில், குதிநரம்பை நீட்டியவர்களைவிட இவர்களுக்கு முதல் அடியின் வலி மிகுதியாகக் குறைந்தது. இப்பயிற்சிக்குச் செலவு? காலணாவும் இல்லை.

2014இல் வெளிவந்த டென்மார்க்கு ஆய்விலோ, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குதியை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சி, மூன்று மாதத்தில் நீட்டலையே முந்திவிட்டது.

இவ்விரண்டையும் கற்பிக்க, இயன்முறை மருத்துவர் ஒருவரை நம் சங்கம் ஒரு ஞாயிறன்று அழைக்கட்டும். வீக்கமோ, மரமரப்போ, இரவிலும் விடாத வலியோ உள்ளவர்கள் அதுவரை காத்திராமல் மருத்துவரிடம் செல்க; எலும்பிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம்.